கண்ணாடி நகரில் ஒளியும் ஆழமும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களின் நிலத்தில், 1978ஆம் ஆண்டு கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கர் பரப்பில் ஒரு தொழிற்பேட்டையை அமைத்தபோது, அந்நிறுவனத்தின் முதல் தலைவரும் அத்திட்டத்தின் கர்த்தாவுமான ஆர். கே. பாலிகா எதிர்பார்த்தது மின்னணுத் தொழிலின் விருத்தியைத்தான். ஒளிப்படக் கலை பயில்வோருக்கு இவ்வளவு சிக்கலான ஒரு பரீட்சைக் களம் அங்கே உருவாகும் என்று அவர் எண்ணியிருக்க நியாயமில்லை. இன்று எலெக்ட்ரானிக் சிட்டி என்று வழங்கும் அவ்விடத்தில் திரும்பிய பக்கமெல்லாம் கண்ணாடிச் சுவர். தலைக்கு மேலே 2010இல் திறக்கப்பட்ட, ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலச் சாலை. 2025 ஆகஸ்டு முதல் அதனோடு மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடமும் சேர்ந்துகொண்டது. வளாகங்களுக்குள் கேமராவோடு நுழையக் காவலாளிகள் இலேசில் விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம். சாலையோரத்தில் நின்றாலே போதும். அபரிமிதமான வெயிலும், அதைத் திருப்பி வீசும் கண்ணாடியும், அதன் காலடியில் தேங்கி நிற்கும் நிழலும் ஒரே சட்டத்துக்குள் வந்து விழுகின்றன.

அங்கே வேலை பார்க்கும் இளைஞர்களில், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் ஜில்லாக்களிலிருந்து போன நம்மவர் உட்பட, முதல் வருஷச் சம்பளத்தில் ஒரு நல்ல டிஜிட்டல் கேமரா வாங்கியவர் அநேகர். கேமராவின் தலையிலுள்ள வட்டத்தை ‘ஆட்டோ’வில் வைத்துவிட்டு, யந்திரம் தருவதைப் பிரசாதமாக ஏற்றுக்கொள்பவரும் அவர்களில் அநேகரே. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆயினும், யந்திரம் ஒரு படத்தை எடுக்கும்போது இரண்டு தீர்மானங்களைச் செய்கிறது என்பதையும், அவற்றுள் ஒன்றைப் பிறகு கம்ப்யூட்டரில் பெருமளவுக்குத் திருத்திக்கொள்ளலாம், மற்றொன்றைத் திருத்தவே முடியாது என்பதையும் அவர்கள் அறிந்துகொண்டால், எந்தத் தீர்மானத்தைத் தம் கையில் எடுத்துக்கொள்வது என்பது தானே விளங்கிவிடும். முதலாவது, படத்தின் ஒளியளவு, அதாவது எக்ஸ்போஷர். இரண்டாவது, எவ்வளவு தூரத்திலிருந்து எவ்வளவு தூரம் வரையிலுள்ள பொருள்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்பது. டெப்த் ஆஃப் ஃபீல்டு என்று கேமராக்காரர்கள் சொல்லும் அதை நாம் கூர்மையின் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பப் பாடங்கள் பெரும்பாலும் ஒளியளவை முன்னால் வைத்து ஆழத்தை அதன் வாலாகச் சொல்லிக்கொடுக்கின்றன. வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

சென்சார் என்னும் சிலிக்கன் தகட்டின் மேல் பல லட்சம் நுண்ணிய கட்டங்கள் உள்ளன. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் வகுத்து, நாற்பது ஆண்டு கழித்து 2009இல் நோபல் பரிசு பெற்ற சி.சி.டி. சாதனமாயினும், இன்றைய கேமராக்களிலுள்ள சீமாஸ் சென்சாராயினும், அடிப்படை நியாயம் ஒன்றே: ஒளித்துகள் சிலிக்கனில் விழும்போது எலெக்ட்ரான் ஒன்று விடுபட்டு, அந்தக் கட்டத்தின் கிண்ணத்தில் சேர்கிறது. சேர்ந்த எலெக்ட்ரான்களின் கணக்கே அந்தப் புள்ளியின் பிரகாசம். ஒளித்துகள்கள் ஒழுங்காக வரிசையில் வருவதில்லை; ஆகையால் பதினாயிரம் சேர்ந்த கட்டத்தில் நூறு கூடலாம், குறையலாம், அது நூற்றில் ஒரு பங்கு; நூறே சேர்ந்த கட்டத்திலோ பத்து கூடவோ குறையவோ இடமுண்டு, அது பத்தில் ஒரு பங்கு. இருண்ட இடங்களில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகளுக்குப் பிரதான காரணம் இதுதான். சென்சாரின் மட்டமான தரம் என்று எப்போதும் அதன்மேல் பழி போடுவது நியாயமன்று. ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தினால் ஒளி அதிகம் சேர்ந்துவிடாது. சேர்ந்த சொற்பத்தைப் பெருக்கிக் காட்டுவதே அதன் வேலை. சென்சாரை அடையும் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் கேமராவில் இரண்டே வழிகள்: லென்ஸின் துவாரம் எவ்வளவு அகலம் என்பது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது.

துவாரத்தை எஃப் எண்ணால் குறிக்கிறார்கள். லென்ஸின் குவிதூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது அந்த எண். ஆதலால் எண் பெருகப் பெருகத் துவாரம் சிறுத்துக்கொண்டே போகும். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று அது தாவித் தாவிச் செல்வது புதிதாகப் பழகுபவருக்கு விசித்திரமாகத் தோன்றும். வட்டத்தின் பரப்பைப் பாதியாக்க விட்டத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டால் விசித்திரம் மறைந்துவிடும். இந்த வரிசையில், ஸ்டாப் என்று சொல்லப்படும் ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகிறது. மேகம் கவிந்த ஒரு காலை வேளையில் ஐ.எஸ்.ஓ. 100இல் எஃப்/2, ஒரு வினாடியில் 2000இல் ஒரு பங்கு என்று வைத்தாலும், எஃப்/16, 30இல் ஒரு பங்கு என்று வைத்தாலும் சென்சாரில் விழும் ஒளி ஒன்றேதான். ஒளிக்கணக்கில் ஒன்றான இவ்விரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே இடத்தில் ஒரே நிமிஷத்தில் எடுத்தவை என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

நல்ல வெயிலுக்கு ஃபிலிம் காலத்திலிருந்து வழிவழியாக வரும் விதி ஒன்று உண்டு: துவாரம் எஃப்/16, ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ். அதாவது ஐ.எஸ்.ஓ. 100 ஆனால் வினாடியில் 100இல் ஒரு பங்கு. அதே வெயிலில் துவாரத்தை எஃப்/2க்குத் திறக்க ஆசைப்பட்டால் 6400இல் ஒரு பங்கு வேண்டும். நடுத்தர விலைக் கேமராக்கள் பலவற்றின் ஷட்டர் 4000இல் ஒரு பங்கோடு நின்றுவிடும். அப்போது லென்ஸின் முன் ஒரு சாம்பல் நிறக் கண்ணாடியைப் பொருத்தி ஒளியைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18ஐ ஒட்டியும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, நட்ட கம்பத்துக்கும் நிழல் இல்லாமற் செய்துவிடுகிறது. அந்த நாள்களில் உணவு இடைவேளைக்கு வெளியே வரும் நண்பரைப் படம் எடுத்தால், நெற்றியும் மூக்கும் பளபளக்க, கண் இரண்டும் இரண்டு கருங்குழிகளாகத் தெரியும். கேமராவின் ஒளிமானியோ, தான் காணும் காட்சி எதுவானாலும் அது சராசரியாக நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ஒளியைத் திருப்பும் சாம்பல் நிறம் என்று அநுமானித்துக்கொள்ளும் சுபாவமுடையது. வானத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடிச் சுவரின் முன் ஒருவரை நிறுத்தினால், சுவரைச் சாம்பலாக்கும் முயற்சியில் அது மனிதரைக் கரியாக்கிவிடும்.

இங்கேதான் திருத்தக்கூடியதற்கும் கூடாததற்கும் உள்ள எல்லை வருகிறது. படத்தை ‘ரா’ கோப்பாகச் சேமித்தால், ஒவ்வொரு கட்டத்தின் பிரகாசமும் பல கேமராக்களில் 16,384 படிகளில் பதிவாகிறது. சாதாரண ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் 256 படிகளே. ஆகையால் கரியாகிப்போன முகத்தைப் பிறகு இரண்டு மூன்று ஸ்டாப் வரையில் தூக்கிவிடலாம். கொஞ்சம் மணல் தூவினாற்போல் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் கிண்ணம் நிரம்பிய பிறகும் வந்து விழுந்த எலெக்ட்ரான்கள், பொங்கி அடுப்பில் வழிந்த பாலைப் போல, போனவை போனவையே. கண்ணாடியில் பட்டுத் தெறித்த சூரியன் வெள்ளைத் திட்டாகி, அதனுள் என்ன இருந்தது என்பதை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாத நிலை வந்துவிடும். நெகட்டிவ் ஃபிலிமில் பழகியவர்களுக்கு இது நேர் எதிர். அதில் ஒளி சற்று மிஞ்சினால் பாதகமில்லை, குறைந்தால்தான் நிழல் வெறுமையாகிவிடும். டிஜிட்டலில் ஒளியளவைப் பற்றிய விதி இவ்வளவே: பிரகாசமான இடம் வழியாமல் பார்த்துக்கொள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பின்னாலிருக்கும் திரையில் ஹிஸ்டோகிராம் என்னும் மேடுபள்ள வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதா என்று ஒரு முறை கண்ணோட்டமிட்டால் போதும்.

கூர்மையின் ஆழத்துக்கு அப்படி ஒரு மன்னிப்பு கிடையாது. லென்ஸ் ஒரே ஒரு தூரத்திலுள்ள புள்ளியைத்தான் சென்சாரின் மேல் புள்ளியாகவே குவிக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாகப் பரவி விழுகிறது. வட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாயிருக்கும் வரையில் அதையும் புள்ளியென்றே ஏற்றுக்கொள்கிறோம். 36க்கு 24 மில்லிமீட்டர் சென்சாருக்கு அந்த எல்லையை 0.03 மில்லிமீட்டர் என்று வழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கையில் பிடித்துப் பார்க்கும் அளவான ஓர் அச்சுப்படத்தை மனத்தில் கொண்டு ஏற்பட்ட கணக்கு அது. அதே படத்தைச் சுவரளவு பெரிதாக்கிக் கிட்டே போய்ப் பார்ப்பவருக்கு ஆழம் சுருங்கிவிடும். கைபேசித் திரையில் மட்டும் பார்ப்பவருக்கு விரிந்துவிடும். ஆகவே ஆழம் என்பது காட்சியில் பாதியும் பார்ப்பவரிடம் பாதியுமாக இருக்கும் ஒன்று. கேமராவில் எத்தனை மெகாபிக்ஸல் என்று விசாரிப்பவர்கள், படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கப் போகிறோம் என்று ஏன் விசாரிப்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

துவாரம் அகலமானால் ஒளி கூம்பாகக் குவியும் கோணமும் அகலமாகிறது. ஆதலால் சற்றே விலகிய பொருளும் பெரிய வட்டமாகிவிடுகிறது. 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்/2இல் திறந்து இரண்டு மீட்டர் தூரத்திலிருக்கும் முகத்தைப் படம் எடுத்தால் கூர்மையாக இருப்பது சுமார் ஆறரை சென்டிமீட்டர் ஆழம்தான். கண்ணில் போகஸ் வைத்தால் இமை மயிர் ஒவ்வொன்றும் எண்ணலாம்; காதிலுள்ள தோட்டின் கல்லோ மங்கிய ஒளிப்பொட்டாக நிற்கும். எஃப்/8க்குச் சென்றால் ஆழம் நான்கு மடங்காகி, ஏறக்குறைய இருபத்தாறு சென்டிமீட்டராகிறது; தோடும் தெளிகிறது, தோட்டுக்குப் பின்னாலிருக்கும் தலைமயிரும் தெளிகிறது, அதற்கும் பின்னால் சாலையில் நிற்கும் ஆட்டோவின் மஞ்சள் கூரைகூடத் தன் உருவத்தைக் காட்டத் தொடங்குகிறது. அது வேண்டுமா வேண்டாமா என்பதை யந்திரம் எப்படி அறியும்?

கண்ணாடிச் சுவர் இந்தக் கணக்கில் ஓர் அழகான வில்லங்கத்தைச் சேர்க்கிறது. சுவரிலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் நிற்கிறோம். நமக்குப் பின்னால், சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி ஒரு குல்மொஹர் மரம் பூத்து நிற்கிறது. அதன் பிம்பம் கண்ணாடியில் தெரிகிறது. பிம்பம் கண்ணாடியின் மேல் இருப்பதாக மனம் நினைக்கும். ஒளியின் கணக்கிலோ அது கண்ணாடிக்குப் பின்னால் பத்து மீட்டரில், நம்மிடமிருந்து பதினான்கு மீட்டரில் இருக்கிறது. 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்/2.8இல் வைத்துக் கண்ணாடியின் சட்டத்தில் போகஸ் செய்தால், ஏறத்தாழ மூன்றரை மீட்டரிலிருந்து நாலரை மீட்டர் வரை மட்டுமே கூர்மை. சட்டமும் அதில் படிந்த தூசும் தெளிவாகத் தெரிய, மரம் சிவப்புக் குழம்பாகக் கரைந்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால், நாலுக்கும் பதினான்குக்கும் நடுவான ஒன்பதில் போகஸ் வைப்பது பலர் செய்யும் காரியம். அதில் சட்டம் மங்கிவிடும். வைக்க வேண்டிய இடம் ஆறு மீட்டருக்குச் சற்று அப்பால், துவாரம் எஃப்/8. கூர்மை முன்புறத்தைவிடப் பின்புறத்தில் அதிகமாக நீளும் என்ற நியாயமே இதற்குக் காரணம். ஒளிக்கற்றையை அனுப்பித் தூரம் அளக்கும் கைபேசிகளில் சில, கண்ணாடியையே பொருளாகக் கொண்டு ஏமாந்துபோவதையும் இங்கே காணலாம். பிம்பமே வேண்டாம், உள்ளே இருப்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பவர், சுவருக்கு நேர் நின்று பார்க்காமல் ஐம்பத்தைந்து பாகையளவு சாய்ந்து, போலரைசர் கண்ணாடியை லென்ஸின் முன் மாட்டித் திருப்பினால், பிம்பம் கணிசமாக விலகும். அதற்கு விலையாக ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஒளி போய்விடும்.

முன்னால் நிற்பது முதல் அடிவானம் வரையில் எல்லாம் தெளிவாக வேண்டுவோருக்கு அகலக் கோண லென்ஸ் உற்ற துணை. 24 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/8 வைத்து 2.4 மீட்டரில் போகஸ் செய்தால், 1.2 மீட்டரிலிருந்து முடிவின்மை வரை கூர்மை கிடைக்கிறது. நடைமேம்பாலத்தின் கைப்பிடியும், தூரத்தில் வளைந்து போகும் மெட்ரோவின் தூண்வரிசையும் ஒரே படத்தில் நிற்கும். 200 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/4 ஆனால் அந்தப் போகஸ் தூரம் 300 மீட்டருக்கும் மேலே போய்விடும். ஆழம் வேண்டுமென்று துவாரத்தை எஃப்/22 வரை ஒடுக்குவதும் பிசகு. ஒடுங்கிய துவாரத்தைக் கடக்கும்போது ஒளி அலையாக விரிகிறது. எஃப்/16இலேயே ஒரு புள்ளியின் பிம்பம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இருபத்தொரு பங்கு அகலத்துக்கு விரிந்து, ஆயிரத்தில் ஆறு பங்கே உள்ள கட்டங்களில் மூன்று நான்கை மூடிவிடுகிறது. எதற்கும் ஓர் அளவு உண்டு என்று லென்ஸும் சொல்கிறது.

திரையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வசதி இல்லாத காலத்தில் இந்தக் கணக்கையெல்லாம் மனத்திலேயே போட்டவர்கள் நம்மிடையே இருந்தார்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் குமாரரும், தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவருமான மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட யந்திரத்துக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பரிகாசமாகப் பெயரிட்டு, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளைப் படம் பிடித்தார். பெங்களூரில் வாழ்ந்து காட்டுயிர்ப் படங்களால் பெயர் பெற்ற டி. என். ஏ. பெருமாள் (1932–2017) இரவில் நடமாடும் உயிர்களை ஃப்ளாஷ் ஒளியில் எடுத்தவர். இருளில் ஃப்ளாஷ் போட்டு எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஃப்ளாஷின் மின்னல் கண நேரத்தில் முடிந்துவிடுவதால், ஷட்டர் அதற்குமேல் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அந்த ஒளி கூடாது. ஃப்ளாஷின் ஒளியளவைத் தீர்மானிப்பவை துவாரமும், விளக்குக்கும் பொருளுக்கும் உள்ள தூரமுமே. தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். சுற்றுப்புறத்தின் மங்கிய ஒளியை மட்டுமே ஷட்டர் ஆளுகிறது. ஒரே படத்தில் இரண்டு ஒளிகள், இரண்டு வெவ்வேறு கைப்பிடிகள்.

கைபேசிகளில் நிலைமை வேறு. அவற்றின் லென்ஸ் ஆறேழு மில்லிமீட்டர் குவிதூரமே உடையதாகையால், எஃப்/1.8 என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் ஆழத்தின் விஷயத்தில் அது பெரிய கேமராவின் எஃப்/7ஐப் போலவே நடந்துகொள்கிறது, எல்லாமே தெளிவு. மங்கிய பின்னணி வேண்டுபவருக்காக, ‘போர்ட்ரெய்ட்’ என்னும் முறையில், எது அருகு எது தொலைவு என்று மென்பொருள் அநுமானித்து, தொலைவென்று நினைத்ததைக் கலைத்துவிடுகிறது. பின்னலில் மல்லிகைச் சரம் வைத்த பெண்ணை இப்படி எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சரத்தின் நடுப்பூக்கள் கூர்மையாயிருக்க, ஓரத்துப் பூக்கள் பாதியில் வெட்டுண்டு பின்னணியோடு கலந்திருக்கும், காற்றில் பறந்த நாலைந்து மயிர்கள் காணாமலே போயிருக்கும், கழுத்துக்கும் பின்னலுக்கும் இடையே தெரியும் சந்து மாத்திரம், பின்னணியானாலும், பளிச்சென்று நிற்கும். நாளுக்கு நாள் இந்த அநுமானம் செம்மைப்பட்டு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் உண்மையில் மங்கிப் பதிந்த ஒன்றைத் தெளிவாக்குவது இன்னும் கடினமான காரியம். இல்லாத இமை மயிரை மென்பொருள் கற்பித்து வரையலாமே ஒழிய, இருந்த இமை மயிரை மீட்டுத் தர முடியாது.

வெள்ளிக்கிழமை மாலையில் ஓசூர் சாலை தமிழ்நாட்டை நோக்கித் திரும்பிவிடும். சேலத்துக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் போகும் பஸ்களைப் பிடிக்கப் பையும் முதுகுமாகக் கூட்டம் நிற்க, நடைமேம்பாலத்தின் மேல் முக்காலியை ஊன்றி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/11, எட்டு வினாடி என்று வைத்தால், பஸ்கள் மறைந்து அவற்றின் விளக்குகள் மட்டும் சிவப்பும் வெள்ளையுமான கோடுகளாகப் பதியும். நண்பகல் வெயிலுக்கும் இந்த அந்திக்கும் ஒளியில் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஷட்டரை எட்டு வினாடியிலிருந்து பதினாறுக்கு நீட்டினால் கோடுகள் இன்னும் பிரகாசமாகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள், ஆகாது. ஓடும் விளக்கு சென்சாரின் ஒவ்வொரு கட்டத்தையும் கடக்கும் நேரம் அதன் வேகத்தால் அமைவது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நேரம் நீண்டால் கோடுதான் நீளும். வானமும் கட்டடமும் வெளுக்கும். கோட்டின் பிரகாசத்தைக் கூட்டவோ குறைக்கவோ துவாரத்தையும் ஐ.எஸ்.ஓ.வையும்தான் நாட வேண்டும்: ஃப்ளாஷுக்குச் சொன்ன அதே நியாயம். பஸ் கடக்கும்போது நடைமேம்பாலம் அதிர்வதால், இரண்டு கனமான வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரம் பார்த்து ஷட்டரைத் திறப்பது உத்தமம். அவ்வளவு ஒடுங்கிய துவாரத்தில், நின்றபடி எரியும் தெருவிளக்குகளிலிருந்து நட்சத்திரக் கதிர்கள் கிளம்பியிருப்பதையும் படத்தில் காணலாம். அவை பதினான்கு இருந்தால் லென்ஸின் துவாரத்தை ஏழு தகடுகள் அமைக்கின்றன என்றும், பதினெட்டு இருந்தால் ஒன்பது என்றும், எட்டே இருந்தால் தகடும் எட்டே என்றும் லென்ஸைக் கழற்றிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.